பழைய சிலிண்டர் ஹெட்டை மீண்டும் பூட்டலாமா? பரிசோதித்து முடிவெடுக்கும் முறை

என்ஜினை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கும்போது பிளாக், கிராங்க், பிஸ்டன் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கவனம், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, புதிய சீல்களை மாட்டி, அடிப்பக்கத்தை மெஷினில் ஒருமுறை சீவிவிட்டால் ஹெட் தயார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் கூலண்ட் எனும் குளிர்விக்கும் திரவம், ஆயில், காற்று, எரிந்த வாயு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கலக்காமல் சில மில்லிமீட்டர் கனமுள்ள சுவர்களுக்கு இடையே ஓடுவது இந்த ஒரு வார்ப்புக்குள்தான். அந்தச் சுவர்களில் ஒன்று பழுதடைந்திருந்தால் மற்ற பாகங்களுக்குச் செய்த செலவு அனைத்தும் வீணாகும்.

பழைய ஹெட்டை ஆராயும்போது கடைப்பிடிக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. ஹெட்டையே கழித்துவிடச் செய்யும் குறைகளை முதலில் தேட வேண்டும். பணமும் உழைப்பும் செலவிட்டால் சரியாகிவிடும் குறைகளை அதன் பிறகே பார்க்க வேண்டும். விரிசல், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சுழலும் துளைகளின் தேய்மானம், வெப்பத்தால் உலோகம் மென்மையாகிப்போதல், உயரம் குறைந்துபோதல் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. வால்வு, அதன் தண்டு ஓடும் குழாயான கைடு, வால்வு அமர்ந்து மூடும் வளையமான சீட், ஸ்பிரிங் ஆகியவை இரண்டாம் வகை. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுவதுதான் அதிகம்: கைடும் சீட்டும் மாற்றி முடித்த பிறகு அழுத்தச் சோதனையில் விரிசல் தெரிய வந்து, செய்த வேலை முழுவதும் பழைய இரும்புக் குவியலுக்குப் போய்ச் சேர்கிறது.

கழற்றும்போதே தொடங்கும் சோதனை

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ஹெட் போல்ட்டுகளில் கைவைக்க வேண்டும். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டை அவசரப்பட்டுக் கழற்றினால், அதுவரை நேராக இருந்த ஹெட்கூட வளைந்துவிடும். இறுக்குவதற்குச் சர்வீஸ் கையேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும் வரிசைக்கு நேர் எதிராக, அதாவது முனைகளிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு மூன்று சுற்றுகளாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். போல்ட்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்பதால், எது எங்கிருந்து வந்தது என்பதை ஓர் அட்டையில் துளைபோட்டுச் செருகிவைப்பது நல்லது.

வால்வு, கேம்ஷாஃப்ட்டின் அசைவை அதற்குக் கடத்தும் ராக்கர், டேப்பட், இடைவெளியைச் சரிசெய்யும் தகடான ஷிம் ஆகியவற்றையும் அதே ஒழுங்கில் வரிசைப்படுத்த வேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்களை இடம் மாற்றினால் இரண்டுமே விரைவில் தேயும். கேம்ஷாஃப்ட்டின் மேல் மூடிகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. அந்த மூடிகள் ஹெட்டோடு சேர்த்துப் பூட்டப்பட்ட நிலையில்தான் துளையிடப்படுகின்றன. ஒரு ஹெட்டின் மூடி இன்னொரு ஹெட்டுக்குப் பொருந்தாது. ஒரே ஹெட்டில்கூட மூன்றாவது மூடியை நான்காவது இடத்தில் பூட்ட முடியாது. எண்ணும் அம்புக்குறியும் தெரியவில்லை என்றால் கழற்றுவதற்கு முன்பே அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டும்.

ஹெட்டைத் தூக்கியவுடன் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. அழுக்கோடு இருக்கும் ஹெட் சொல்லும் செய்திகளைச் சுத்தமான ஹெட் சொல்லாது. எல்லா எரி அறைகளிலும் கரி படிந்திருக்க, ஓர் அறை மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் புகுந்து ஆவியாகியிருக்கிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டின் இரும்பு வளையத்தைக் குறுக்காகக் கடந்து கருப்புக் கோடு சென்றிருந்தால், அங்கே எரிந்த வாயு கசிந்திருக்கிறது. ஹெட்டிலும் பிளாக்கிலும் அதே இடத்தைக் குறித்துவைத்துப் பிறகு அளந்து பார்க்க வேண்டும். வால்வு கவரின் உட்புறத்தில் பழுப்பு வெள்ளை நிறத்தில் குழைவாகப் படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள், ஆனால் குறைந்த தூரமே ஓடி என்ஜின் முழுச் சூடு அடையாத வண்டிகளில் இது வெறும் நீராவிப் படிவாகவும் இருக்கலாம். எரி அறையின் ஓரங்களில் மணல் வீசியதுபோல் நுண்குழிகள் தெரிந்தால், அந்த என்ஜின் நெடுநாள், கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதால் எழும் நாக்கிங் சத்தத்தோடு ஓடியிருக்கிறது. அத்தகைய ஹெட்டில் விரிசலை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். இவற்றை எல்லாம் புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகே கழுவத் தொடங்கலாம்.

சுத்தம் செய்தல்

வார்ப்பிரும்பு ஹெட்டுக்குக் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர்த் தொட்டி பொருத்தமானது. அதே தொட்டியில் அலுமினிய ஹெட்டை இறக்கினால் காஸ்டிக் சோடா உலோகத்தையே கரைக்கும். பட்டறைக்கு அனுப்பும்போது ஹெட் எந்த உலோகத்தால் ஆனது என்பதை வாய்விட்டுச் சொல்லியே அனுப்ப வேண்டும். அலுமினியத்துக்கென்று தயாரிக்கப்பட்ட சலவை திரவம் மட்டுமே அதற்கு ஏற்றது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதில்தான் நல்ல ஹெட்டுகள் அதிகமாகக் கெட்டுப்போகின்றன. டிரில்லில் மாட்டிச் சுழற்றும் உராய்வு வட்டுகள் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அவை மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்குகின்றன. போதாததற்கு வட்டிலிருந்து உதிரும் கடினமான தூள் ஆயில் வழிகளுக்குள் புகுந்து, என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு பேரிங்குகளைத் தின்றுவிடுகிறது. கேஸ்கெட்டை இளக்கும் ரசாயனத்தைத் தடவி ஊறவைத்து, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் பொறுமையாக எடுப்பதே சரியான வழி. சிறு கண்ணாடி மணிகளையோ மணலையோ வீசிச் சுத்தம் செய்யும் முறைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளையும் கூலண்ட் அறைகளின் மூடிகளையும் கழற்றி, பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து வெளியேற்றும் வரை ஹெட் சுத்தமாகிவிட்டதாகக் கருத முடியாது.

விரிசலைத் தேடுதல்

விரிசல்கள் கண்ட கண்ட இடங்களில் தோன்றுவதில்லை. வெப்பமும் குளிர்ச்சியும் மிக நெருக்கமாகச் சந்திக்கும் இடங்களில்தான் உலோகம் முதலில் சோர்ந்துபோகிறது. உள்வரும் வால்வு சீட்டுக்கும் வெளியேறும் வால்வு சீட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாலம், சீட்டிலிருந்து ஸ்பார்க் பிளக் அல்லது இன்ஜெக்டர் துளைவரை உள்ள பகுதி, எரிந்த வாயு வெளியேறும் வழியான போர்ட்டின் உட்கூரை, ஸ்பிரிங் உட்காரும் தளம், ஹெட் போல்ட் துளைகளின் விளிம்பு ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்க்க வேண்டும். எரிதல் தொடங்கும் சிறிய முன்அறை கொண்ட டீசல் ஹெட்டுகளில் அந்த அறையின் வாயைச் சுற்றியும் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தப்பும் விரிசலைப் பிடிக்கும் முறை உலோகத்தைப் பொறுத்து மாறும். வார்ப்பிரும்பு காந்தத்தை ஏற்கும் என்பதால், பரப்பில் காந்தப்புலத்தை ஏற்படுத்தி நுண்ணிய இரும்புத்தூளைத் தூவினால், விரிசல் உள்ள கோட்டில் தூள் சேர்ந்து நிற்கும். காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே செல்லும் விரிசல்தான் இவ்வாறு தெரியும். அவற்றுக்கு இணையாகச் செல்லும் விரிசல் தெரியாது. எனவே ஒவ்வோர் இடத்தையும் காந்தத்தைத் திருப்பிவைத்து இரண்டு திசைகளில் சோதிக்க வேண்டும். அலுமினியத்துக்கு இந்த முறை உதவாது. சாயத் திரவ முறையே அதற்கு உரியது. எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்த பரப்பில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, அது விரிசலுக்குள் இறங்கப் பத்து நிமிடங்களாவது காத்திருந்து, மேற்பரப்பில் உள்ளதைத் துணியால் துடைத்தெடுத்து, வெள்ளை நிற வெளிக்கொணரும் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் இருந்த சாயம் ஊறிவந்து சிவப்புக் கோடாகத் தெரியும். துடைக்கும்போது கரைப்பானை நேரடியாக ஹெட்டின் மேல் பீய்ச்சக் கூடாது. அது விரிசலுக்குள் இருக்கும் சாயத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்த இரண்டு முறைகளும் வெளிப்பரப்பை மட்டுமே காட்டும். போர்ட்டின் வளைவுக்குள்ளோ கூலண்ட் அறையின் உட்சுவரிலோ இருக்கும் விரிசலுக்கு அழுத்தச் சோதனை ஒன்றே வழி. கூலண்ட் துளைகள் அனைத்தையும் ரப்பர் வைத்த தகடுகளால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, ஹெட்டை நீரில் மூழ்கவைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள். அழுத்தம் பெரும்பாலும் 2 முதல் 4 பார் வரை இருக்கும். நீர் சூடாக இருப்பது முக்கியம். குளிர்ந்த நிலையில் இறுகி மூடியிருக்கும் விரிசல், என்ஜின் ஓடும் வெப்பத்துக்கு அருகில் வந்தால்தான் வாய்திறக்கும். குளிர்ந்த நீரில் தேர்ச்சி பெற்ற ஹெட் வண்டியில் ஏறி அரைமணி நேரத்தில் நீரைக் குடிக்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம். என் கருத்தில், ஒருமுறையேனும் அளவுக்கு மீறிச் சூடேறிய என்ஜினின் ஹெட்டுக்கு அழுத்தச் சோதனை விருப்பத்துக்கு உரியதே அல்ல, கட்டாயமானது.

விரிசல் தெரிந்தவுடன் ஹெட்டைத் தூக்கி எறிந்துவிடத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில ஹெட்டுகளில் இரு சீட்டுகளுக்கு நடுவே தோன்றும் மயிரிழை விரிசலைத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். ஃபோக்ஸ்வேகன் என்ஜின்கள் சிலவற்றின் கையேடுகள், அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட அகலமுள்ள அத்தகைய விரிசலோடு ஹெட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்கின்றன. இந்தச் சலுகை அந்தந்த என்ஜினுக்கு மட்டுமே உரியது. கையேட்டில் அப்படி எழுதப்படாத ஹெட்டுக்கு அதை நாமாக வழங்கிவிட முடியாது. பழுதுபார்ப்பதைப் பொறுத்தவரை, வார்ப்பிரும்பு விரிசலை வரிசையாகத் துளையிட்டுத் திருகாணிகளை ஒன்றையொன்று கவ்வும்படி இறக்கி அடைக்கலாம். அலுமினியத்தை முன்கூட்டிச் சூடாக்கி டிக் வெல்டிங் செய்யலாம். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி உலோகத்தின் கடினம் குறையும் என்பதாலும், அருகிலுள்ள சீட், கைடு எல்லாவற்றையும் மீண்டும் மெஷின் செய்ய வேண்டியிருக்கும் என்பதாலும், எளிதில் கிடைக்கும் ஹெட்டுக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இனி கிடைக்கவே கிடைக்காத பழங்கால என்ஜினின் ஹெட் என்றால் கணக்கு வேறு.

சமதளம், கேம் துளைகள், உலோகத்தின் கடினம்

அடிப்பரப்பு நேராக இருக்கிறதா என்பதை அறிய, துல்லியமாகச் செய்யப்பட்ட நேர்விளிம்புக் கட்டையும், மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜும் வேண்டும். சாதாரண இரும்பு ஸ்கேல் இதற்குப் போதாது. நீளவாக்கில் இரு ஓரங்களிலும் நடுவிலும், அகலவாக்கில் முனைகளிலும் சிலிண்டர்களுக்கு இடையிலும், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு முறையும் கட்டையை வைத்து, அதன் அடியில் எந்தக் கனமுள்ள தகடு நுழைகிறது என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கப்படும் அளவு என்ஜினுக்கு என்ஜின் மாறும். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மி.மீ., சிலவற்றுக்கு 0.1 மி.மீ. என்ற எல்லைகளைக் கையேடுகளில் காணலாம். மொத்த வளைவைப் போலவே, அது எவ்வளவு தூரத்துக்குள் ஏற்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். நீளமான ஹெட்டில் முனைக்கு முனை மெதுவாக விழும் வளைவைக் கேஸ்கெட் ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதே ஆழம் இரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள விரலளவு இடத்தில் இருந்தால் தாங்காது.

மேலே கேம்ஷாஃப்ட் உள்ள ஹெட்டில் இந்த அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்தானது. அடிப்பரப்பு வளைந்திருந்தால், அதே வார்ப்பின் மேற்பகுதியில் உள்ள கேம் துளைகளின் நேர்க்கோடும் வளைந்திருக்கும். அடிப்பக்கத்தை மட்டும் சீவி நேராக்கினால் கீழே சமதளமும் மேலே வளைவும் உள்ள ஹெட் கிடைக்கும். அதில் பூட்டப்படும் கேம்ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து கொடுத்தே சுழலும். சில காலம் கழித்து இறுகிப் பிடித்துக்கொள்ளும், அல்லது முறிந்துவிடும். எனவே டேப்பட்டுகளும் ராக்கர்களும் இல்லாமல், கேம்ஷாஃப்ட்டை மட்டும் வைத்து, ஆயில் தடவி, மூடிகளை உரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கேம்ஷாஃப்ட் நேரானது என்று தனியாக உறுதிசெய்த பிறகும் அது சுற்றும்போது ஓரிடத்தில் இறுகினால், ஹெட்தான் வளைந்திருக்கிறது. அத்தகைய ஹெட்டைக் கனமான இரும்புத் தகட்டில் வைத்து, முனைகளின் அடியில் மெல்லிய தகடு கொடுத்து, நடுப்பகுதியைப் போல்ட்டால் இழுத்துப் பிடித்து, 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு நிமிர்த்தும் பட்டறைகள் உண்டு. நிமிர்த்துவதுதான் முதலில், சீவுவது அதன் பிறகு, அதுவும் மிகக் குறைவாக.

பல அலுமினிய ஹெட்டுகளில் கேம்ஷாஃப்ட்டுக்குத் தனி பேரிங் கிடையாது; அது அலுமினியத்தின் மேலேயே சுழல்கிறது. ஆகவே துளையில் ஆழமான கீறல் இருந்தாலோ, நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை வைத்து அளந்த இடைவெளி எல்லையைத் தாண்டியிருந்தாலோ, மாற்றிப்போட எதுவும் இருக்காது. விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் நான் அந்த ஹெட்டுக்கு மேற்கொண்டு செலவு செய்யப் பரிந்துரைப்பதில்லை.

கடினச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அலுமினிய ஹெட்டுகளுக்கு வார்ப்புக்குப் பின் வெப்பப் பதப்படுத்தல் மூலம் உறுதி ஏற்றப்படுகிறது. கூலண்ட் வற்றிய நிலையில் என்ஜின் ஓடியிருந்தால் அந்தப் பதம் இறங்கி உலோகம் மென்மையாகிவிடும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. விரிசல் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் பூட்டிய பிறகு கேஸ்கெட்டின் வளையம் பரப்பில் அமுங்கி, போல்ட்டின் பிடிமானம் தளர்ந்து, புதிய கேஸ்கெட் சில மாதங்களில் போய்விடும். பிரிநெல் அளவுகோலில் கடினத்தை அளக்கும் கருவி உள்ள பட்டறையில், சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள சூடான பகுதியையும், ஓரத்தில் வெப்பம் அதிகம் எட்டாத பகுதியையும் ஒப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் ஹெட் வெந்துபோயிருக்கிறது. கருவி இல்லாத இடத்தில், பழைய கேஸ்கெட்டின் வளையம் பதிந்த தடம் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும்.

சீவுவதற்கு முன் உயரத்தை அளக்க வேண்டும்

ஹெட்டின் உயரத்தை மூலைகளில் மைக்ரோமீட்டரால் அளந்து கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். முந்தைய உரிமையாளரின் காலத்தில் ஹெட் ஏற்கெனவே ஒருமுறை சீவப்பட்டிருக்கலாம். நான்கு மூலைகளின் அளவும் ஒன்றாக இல்லை என்றால் அது கோணலாகச் சீவப்பட்டிருக்கிறது.

சீவினால் அழுத்த விகிதம் (சிலிண்டரின் மொத்த இடத்துக்கும் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது எரி அறை ஹெட்டில் அமைந்த என்ஜின்களுக்குப் பொருந்தும். எடுத்துக்காட்டாக, 80 மி.மீ. துளையும் 400 கன செ.மீ. கொள்ளளவும் உடைய சிலிண்டரில் விகிதம் 10 என்றால், மேலே மிஞ்சும் இடம் சுமார் 44 கன செ.மீ. ஆகும். அறை சிலிண்டரின் முழு விட்டத்தையும் மூடும் வடிவில் இருந்து, 0.2 மி.மீ. சீவப்பட்டால், அதில் ஏறக்குறைய 1 கன செ.மீ. குறைந்து விகிதம் 10.2 அளவுக்கு உயரும். இது பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்கள் தாங்கக்கூடிய மாற்றமே. எரி அறை பிஸ்டனின் தலையில் குழியாக அமைந்து, ஹெட் தட்டையாக இருக்கும் டீசல் என்ஜினிலோ சீவுவதால் விகிதம் அப்படி ஏறுவதில்லை. அங்கே வேறு சிக்கல்கள் எழுகின்றன: வால்வுகள் பிஸ்டனை நெருங்கும், இன்ஜெக்டரின் முனை கூடுதலாக வெளியே நீளும், முன்அறை கொண்ட வகையில் அந்த அறையின் வாய் பரப்பைவிட்டு மேலெழும்பும். பல டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தடை விதிப்பதற்கு இவையே காரணம்.

மேலே கேம்ஷாஃப்ட் உள்ள என்ஜினில் ஹெட் தாழ்ந்தால், கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைந்து, வால்வுகள் திறந்து மூடும் நேரம் சிறிது பின்தங்கும். பரப்பின் வழுவழுப்பும் கேஸ்கெட்டைப் பொறுத்தது. பல அடுக்கு உருக்குத் தகடுகளால் ஆன இன்றைய கேஸ்கெட்டுக்குச் சராசரிச் சொரசொரப்பு சுமார் 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பழைய கலவைக் கேஸ்கெட்டுகள் அதைவிடக் கரடான பரப்பையே விரும்பின. எந்தக் கேஸ்கெட் போடப்போகிறோம் என்பதைச் சீவுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பரப்பில் கூலண்ட் துளைகளைச் சுற்றி அரிப்பு இருந்தால், அது கேஸ்கெட்டின் அடைப்புக் கோடுவரை வந்திருக்கிறதா என்பதே கேள்வி. புதிய கேஸ்கெட்டை மேலே வைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

கைடுகள்

இந்தக் கட்டம்வரை தேறிவந்த ஹெட்டுக்குத்தான் இனி வரும் வேலைகள். வால்வு கைடுகள் சீராகத் தேய்வதில்லை. மேல்முனையும் கீழ்முனையும் அகன்று நடுப்பகுதி குறுகியே இருக்கும். எனவே சிறுதுளை அளவியால் மூன்று ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்திலும் செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். வால்வுத் தண்டை மைக்ரோமீட்டரால் அளந்து, தேய்ந்த இடத்தின் அளவைத் துளையின் அளவிலிருந்து கழித்தால் இடைவெளி கிடைக்கும். உள்வரும் வால்வுக்கு ஏறத்தாழ 0.02 முதல் 0.06 மி.மீ. வரையும், கூடுதல் வெப்பத்தில் விரிவடையும் வெளியேறும் வால்வுக்குச் சற்று அதிகமாகவும் இருப்பது பல கார் என்ஜின்களில் காணப்படும் அளவு.

வால்வைச் சிறிது தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்து டயல் கேஜில் படிக்கும் முறையும் உண்டு. அதில் வரும் எண் உண்மையான இடைவெளி அன்று; வால்வின் தலை கைடிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த விகிதத்தில் பெருகிய எண் அது. கையேட்டில் அசைவுக்கான எல்லை தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கைடுகளை அடித்து வெளியேற்றுவது அடிக்கடி நடக்கிறது.

கைடை மாற்றினால் துளையின் மையம் நூலிழை அளவாவது நகரும். ஆகவே சீட்டையும் மீண்டும் வெட்டியே தீர வேண்டும். கைடு முதலில், சீட் பிறகு என்ற வரிசையை மாற்ற இடமில்லை.

வால்வுகளும் சீட்டுகளும்

வெளியேறும் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. தொடும் வளையம் மிகக் குறுகினால் வெப்பம் கடத்தப்படாமல் வால்வு எரியும். மிக அகன்றால் அழுத்தம் பரவி, கரித்துகள் சிக்கி, கசியத் தொடங்கும். உள்வரும் வால்வுக்கு 1.0 முதல் 1.5 மி.மீ., வெளியேறும் வால்வுக்கு 1.5 முதல் 2.0 மி.மீ. என்பவை பழக்கத்தில் உள்ள அகலங்கள். பெரும்பாலும் 45 டிகிரியில் சீட்டை வெட்டி, மேலே 30 டிகிரியிலும் கீழே 60 டிகிரியிலும் ஒதுக்கி, தொடும் வளையத்தை வால்வு முகத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவருவார்கள். நீல மையைத் தடவி வால்வை மெதுவாக அழுத்தித் திருப்பினால் வளையம் முழுமையாகப் பதிகிறதா என்பது தெரியும்.

வால்வைப் பொறுத்தவரை தலையின் ஓரக் கனத்தை முதலில் பார்க்க வேண்டும். கிரைண்டிங் செய்த பிறகு அது 0.8 மி.மீ.க்கும் கீழே போனால் உள்வரும் வால்வையும், 1 மி.மீ.க்கும் கீழே போனால் வெளியேறும் வால்வையும் மாற்றிவிடுவது பாதுகாப்பானது. கத்திமுனையான ஓரம் எரி அறைக்குள் செந்தணலாகி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். தண்டின் கழுத்து மெலிந்திருத்தல், ஸ்பிரிங்கைத் தண்டோடு பிணைக்கும் பூட்டுக்காட்டர் உட்காரும் பள்ளத்தின் தேய்மானம், தண்டு முனையில் குழி, வளைவு ஆகியவற்றுக்கு மன்னிப்பு இல்லை. கடினப் பூச்சு கொண்ட வால்வுகளைக் கிரைண்ட் செய்யக் கூடாது, பூச்சு போய்விடும். சில வெளியேறும் வால்வுகளின் தண்டு உள்ளீடற்றது. அதற்குள் சோடியம் இருக்கும். அத்தகைய வால்வை வெட்டவோ, உடைக்கவோ, சாதாரணக் குப்பையில் போடவோ கூடாது. சோடியம் நீரோடு கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும்.

சீட் வளையம் ஹெட்டில் தளர்ந்திருக்கிறதா என்பதை லேசாகத் தட்டிப் பார்த்தால் அறியலாம். மந்தமான ஓசை சந்தேகத்துக்கு உரியது. தனி வளையம் இல்லாமல் வார்ப்பிரும்பிலேயே சீட் வெட்டப்பட்ட பழைய ஹெட்டுகளுக்கு இன்னொரு சோதனை தேவை. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயமே சீட்டுக்குக் காப்பாக இருந்தது. ஈயமற்ற பெட்ரோலிலும், எல்பிஜி, சிஎன்ஜி ஆகிய எரிவாயுக்களிலும் ஓடும்போது அத்தகைய சீட் விரைவாகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிவிடும். புதுப்பிக்கும் வேளையில் வெளியேறும் பக்கத்துக்குக் கடினமான வளையங்களைப் பதித்துவிடுவது பயனுள்ள செலவு.

சீட்டை எவ்வளவு ஆழமாக வெட்டுகிறோமோ அந்த அளவுக்கு வால்வுத் தண்டின் முனை மறுபக்கம் உயரும். ஆயில் அழுத்தத்தால் தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள என்ஜினில் இது எல்லை மீறினால், டேப்பட் முழுவதும் அமுங்கிய நிலையிலும் வால்வு மூடாமல் நிற்கும். ஆகவே சீட் வேலை முடிந்ததும் தண்டு முனையின் உயரத்தையும் ஸ்பிரிங்கின் பூட்டிய உயரத்தையும் அளக்காமல் விடக் கூடாது. ஸ்பிரிங்கின் உயரம் கூடியிருந்தால் அதன் அடியில் உரிய கனமுள்ள வாஷரை வைக்க வேண்டும்.

ஸ்பிரிங்குகளுக்கு அதிக நேரம் வேண்டாம்: பூட்டாத நிலையில் நீளம், செங்குத்து நிலை, பூட்டிய உயரத்தில் விசை ஆகிய மூன்றும் போதும். விசை குறிப்பிட்ட அளவில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். துருக்குழி விழுந்த ஸ்பிரிங் எந்த அளவில் தேறினாலும் அங்கிருந்துதான் முறியும்.

வேறு என்ஜினிலிருந்து எடுத்த ஹெட்

பழைய பாகங்கள் விற்கும் இடத்திலிருந்து ஹெட் வாங்கும்போது, வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதை நம்பக் கூடாது. வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண்ணை உங்கள் ஹெட்டின் எண்ணோடு ஒப்பிட்டு, கேஸ்கெட்டை வைத்துக் கூலண்ட், ஆயில் துளைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எரி அறையின் கொள்ளளவு மாறுபட்ட ஹெட்டும் போல்ட் துளைகளில் கச்சிதமாகப் பொருந்தும். கேம் மூடிகள் இல்லாத ஹெட்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். ஸ்பார்க் பிளக் துளைகளின் மரையையும், உள்ளே முறிந்துநிற்கும் ஸ்டட்டுகளையும் கவனியுங்கள். மரை போன துளைக்குப் புதிய மரைச்செருகி போட முடியும், ஆனால் அந்தத் துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் முடியாது.

பூட்டிய பின் கசிவுச் சோதனை

புதிய தண்டு சீல்களோடு வால்வுகளைப் பூட்டிய பிறகு, ஹெட்டை எரி அறைகள் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைப் பூட்டி, அறைகளில் மண்ணெண்ணெயை நிரப்ப வேண்டும். சில நிமிடங்கள் கழித்துப் போர்ட்டுகளுக்குள் ஈரம் தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றி மீண்டும் பார்க்க வேண்டும். போர்ட்டை அடைத்து வெற்றிடப் பம்பால் இழுத்து, முள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது இதைவிடத் துல்லியமானது. ஆனால் தேய்ந்த கைடு வழியாகவும் காற்று கசியும் என்பதால், முள் இறங்கியதற்குச் சீட்டைத்தான் காரணமாகக் கொள்ள வேண்டும் என்பதில்லை.

ஹெட்டை ஏற்றுவதற்கு முன் பிளாக்கின் மேற்பரப்பையும் அதே நேர்விளிம்புக் கட்டையால் சோதிக்க வேண்டும். போல்ட் துளைகளுக்குள் தேங்கியிருக்கும் ஆயிலையும் நீரையும் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அடிமூடிய துளையில் திரவம் இருந்தால், போல்ட் இறங்கும்போது ஏற்படும் அழுத்தம் பிளாக்கையே பிளந்துவிடும். நீட்சி எல்லைவரை இறுக்கப்படும் வகையைச் சேர்ந்த ஹெட் போல்ட்டுகளை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. புதிய போல்ட்டுகளின் மரையிலும் தலையின் அடியிலும் கையேடு சொல்லும் எண்ணெயை மட்டும் தடவி, நடுவிலிருந்து வெளிநோக்கி, முதலில் டார்க் அளவுக்கும் பிறகு குறிப்பிட்ட கோணத்துக்கும் கட்டம் கட்டமாக இறுக்க வேண்டும்.